துறவிக்கு எது அணிகலம்?
(சங்கக் கூட்டத்தில் ஆற்றிய பேச்சு)

மேசையைச் சுற்றியிருந்து ஆடும் விளையாட்டொன்றைப் பற்றிச் சங்கத்திலே பேசுவதா என்று பெரியோர் சிலர் எண்ணக்கூடும். ஆயினும் இளைஞர் விரும்பும் அவ்விளையாட்டினுள்ளே அறம்பற்றிய வினாவொன்று அடங்கியிருக்கின்றது. அதனையே இன்று ஆராய்வோம்.

1974 ஆம் ஆண்டில் அமெரிக்காவிலே கரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் இருவர் ‘டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்’ என்ற விளையாட்டை ஆக்கி வெளியிட்டனர். ஒருவர் கதையை நடத்துவார். ஏனையோர் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, அது செய்வதைச் சொல்வர். வெற்றி தோல்வி ஐயமாகுமிடத்துப் பகடை முடிவு கூறும். துறவிப் பாத்திரம் 1975 இல் வந்த ‘பிளாக்மூர்’ என்னும் அனுபந்த நூலிற் சேர்ந்தது. இத்துறவி கவசம் அணியாதவன், வெறுங்கையாற் பொருபவன்.

2003 ஆம் ஆண்டுப் பதிப்பின்படி வலிமை, சுறுசுறுப்பு, உடலுறுதி, அறிவு, விவேகம், கவர்ச்சி என ஆறு இயல்புகள் உள. புள்ளிகளைப் பங்கிட்டு இவற்றை அமைக்கும்போது ஒன்றை உயர்த்தினால் மற்றொன்றைக் குறைக்க நேரும். துறவிக்கு விவேகமே கவசம்போல நின்று அடிகளைத் தடுக்கும். இன்னுமொன்று: அப்பதிப்பிலே துறவி ஒழுங்குநெறியில் நிற்றல் கட்டாயம், நல்லவனாயிருத்தல் கட்டாயமன்று. ஒழுங்கு வேறு, நன்மை வேறு என்பதை விதியே ஒப்புக்கொள்கின்றது.

நல்ல துறவியை ஆக்க விரும்புவோர்க்கு, அதே ஆண்டில் வந்த ‘புக் ஒவ் எக்ஸால்டட் டீட்ஸ்’ என்னும் நூல் வறுமை விரதம் ஒன்றை வகுத்தது. எளிய உடை, ஊன்றுகோல், ஒருநாள் உணவு என்பன போன்ற சிலவே அவனுக்குரியன. மந்திரப் பொருளை ஒரு சுற்று, அதாவது ஆறு வினாடி, இரவல் வாங்குதலும் ஆகாது. புதையலில் தன் பங்கை வேண்டாமென்று தோழருக்கு விடாமல், பெற்று ஏழைகளுக்கு ஈதல் வேண்டும். இதற்குப் பதிலாக அவன் உடலாற்றலும் காப்பும் படிப்படியாக உயரும். விரதத்தை முறித்தால் அப்பயன் மீளாது.

ஆட்டத்தில் தேர்ந்தோர் பலர், ‘மந்திரப் பொருள்களை இழப்பது பெருநட்டம்’ என்பர். வேறு சிலரோ, ‘பயன் கிடைக்கும்போது இது துறவா, வியாபாரமா?’ என்று கேட்பர். இரண்டாவது கேள்வியே நமக்குரியது.

தோழன் ஒருவன் பாதாளத்தில் வீழ்கின்றான் என்று கொள்வோம். பறக்கும் ஆற்றல் தரும் மேலாடை துறவியின் அருகே கிடக்கின்றது. வேறு வழியில்லை. அணிந்தால் தோழன் பிழைப்பான்; விரதம் அழியும். அணியாவிட்டால் விரதம் நிற்கும், தோழன் மடிவான். ஒழுங்கு ஒருபுறம், நன்மை மறுபுறம்.

அவன் அணியவேண்டும் என்பதே நம் முடிபு. ஆற்றலைக் காப்பதற்காக உயிரை விடுபவன் பொருளைத் துறந்தாலும் பயனைத் துறவாதவன். தோழனுக்காக அந்தப் பயனையும் இழந்தவனே முற்றத் துறந்தவன். எனினும், அற்ப வசதிக்காக விரதத்தை முறிப்பவன் இந்த நியாயத்தைச் சொல்லிக்கொள்ள முடியாது. தன் இழப்பை முன்னரே அறிந்து மனமார ஏற்பவனுக்கே அது பொருந்தும்.

இளைஞர்களே, நாமும் விரதம் பிடிக்கின்றோம், நோன்பு நோற்கின்றோம். அவற்றால் நம் பெருமை வளர்கின்றதா, பிறர் துயர் தீர்க்கும் மனம் வளர்கின்றதா என்று நம்மை நாமே கேட்போமாக. மேசையிலே அத்துறவியை ஆக்கும்போது புள்ளிகளை எண்ணுங்கள். அதற்கு முன் இவ்வினாவையும் எண்ணுங்கள்.