கவலையைக் கட்டி வைக்காதீர்கள்

(சிம்மக்கல்லில் நடைபெற்ற குடும்ப நலக் கூட்டத்தில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்டிருப்பது, எல்லா வீட்டிலும் இருந்தும் எந்த வீட்டிலும் வாய்விட்டுப் பேசப்படாத ஒரு விஷயம். அன்றாட மன அழுத்தம்.

மருத்துவ உதவி கேட்டு நமது அறக்கட்டளைக்கு வருகிறவர்கள் நெஞ்சு படபடப்பு, தலைவலி, வயிற்று எரிச்சல், தூக்கமின்மை என்று சொல்வார்கள். உட்கார வைத்து, ஒரு டீ கொடுத்து, கொஞ்ச நேரம் பேசினால் வேறொன்று வெளியே வரும். மகளுடைய நிக்காஹ் செலவு, குழுக்கடன் தவணை, வேலையில்லாமல் வீட்டில் இருக்கும் மகன், வளைகுடாவில் சம்பளம் நின்றுபோன கணவர். வாய் சொல்லாத கவலையை உடம்பு சொல்கிறது.

இது எப்படி நடக்கிறது? தெருவில் நாய் துரத்தினால் உடலில் அட்ரினலின், கார்டிசால் போன்ற சுரப்புகள் கூடுகின்றன. இதயம் வேகமாகத் துடிக்கும், ரத்த அழுத்தம் ஏறும், ரத்தத்தில் சர்க்கரை கூடும். ஓடித் தப்பிப்பதற்காக அல்லாஹ் தந்த ஏற்பாடு அது. நாய் போய்விட்டால் எல்லாம் அடங்கிவிடும். ஆனால் தண்டல்காரர் தினமும் வாசலில் வந்து நின்றால் அது அடங்குவதே இல்லை. மாதக்கணக்கில் இப்படி நீடித்தால் தூக்கம் கெடும், சர்க்கரை கட்டுக்குள் நிற்காது, ரத்த அழுத்தமும் இதயமும் பாதிக்கப்படும். கவலையை மறக்க பீடி, சிகரெட், பாக்கு என்று போனால் பாதிப்பு இரண்டு மடங்கு.

ரத்த அழுத்தம் தொடர்ந்து 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். பலருக்கு எந்த அறிகுறியும் தெரியாது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு தேடி வந்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். வெளியே போக நேரமில்லாத தாய்மார்கள், அவர்கள் வரும்போது "எனக்கு ஒன்றுமில்லை" என்று அனுப்பிவிடாதீர்கள்.

அடுத்து, நம்மிடையே உள்ள ஒரு தவறான பேச்சு. ஒருவர் மனம் உடைந்து உட்கார்ந்தால், "ஈமான் இருந்தால் இப்படிக் கவலைப்படுவாயா?" என்று கேட்டுவிடுகிறோம். யஃகூப் நபி (அலை) மகன் யூஸுஃபைப் பிரிந்த துயரத்தில் கண் பார்வையே மங்கிப்போனதைக் குர்ஆன் சொல்கிறது. அவர்களுடைய ஈமானை யார் குறை சொல்ல முடியும்? நம் நபி (ஸல்) அவர்கள் அன்னை கதீஜா (ரலி) அவர்களையும் அபூதாலிபையும் இழந்த ஆண்டை, துயர ஆண்டு என்றே வரலாறு குறிக்கிறது. துயரப்படுவது மனித இயல்பு. அதற்காக யாரையும் குத்திப் பேச வேண்டாம்.

நம் முன்னோர்கள் இதை நன்றாகவே அறிந்திருந்தார்கள். கி.பி. 934இல் மறைந்த அபூ ஸைத் அல்பல்கீ என்ற அறிஞர், உடல் நலத்தையும் மன நலத்தையும் சேர்த்து ஒரே நூல் எழுதினார். உடல் நோயுற்றால் மனம் வாடும், மனம் நோயுற்றால் உடல் வாடும், ஆகவே இரண்டுக்கும் சிகிச்சை வேண்டும் என்பது அவருடைய கருத்து. திடீர் நோய்க்காக வீட்டில் மருந்து வைத்திருப்பதுபோல, மனம் கலங்கும் நேரத்துக்காக நல்ல எண்ணங்களை முன்கூட்டியே தயாராக வைத்திருக்கச் சொன்னார்.

இனி, செலவில்லாமல் வீட்டிலேயே செய்யக்கூடியவை சில.

ஒன்று, மூச்சு. தொழுது ஸலாம் கொடுத்தவுடன் செருப்பைத் தேடி ஓடாமல் இரண்டு நிமிடம் அமருங்கள். மூச்சை மெதுவாக இழுத்து, அதைவிட மெதுவாக விடுங்கள். திக்ரும் அந்த நிதானத்திலேயே நடக்கட்டும். படபடப்பு குறைவதை நீங்களே உணர்வீர்கள்.

இரண்டு, கோபம். நிற்பவர் உட்காருங்கள், அப்போதும் அடங்காவிட்டால் படுங்கள் என்பது நபிவழி. கடையில் பட்ட கோபத்தை வீட்டில் மனைவி மக்கள் மீது இறக்கினால், ஒருவருடைய அழுத்தம் ஐந்து பேருடைய அழுத்தமாகிவிடும்.

மூன்று, தூக்கம். பெரியவர்களுக்கு ஏழு மணி நேரமாவது தேவை. இஷாவுக்குப் பிறகு வீண்பேச்சில் விழித்திருப்பதை நபி (ஸல்) அவர்கள் விரும்பவில்லை. இன்று அந்த வீண்பேச்சு செல்போனுக்குள் வந்துவிட்டது. படுக்கும்போது போனை வேறு அறையில் வையுங்கள். மாலைக்குப் பிறகு டீ, காபியைக் குறையுங்கள். தூக்க மாத்திரையை மருத்துவர் சொல்லாமல் வாங்கிப் போடாதீர்கள்.

நான்கு, நடை. வாரத்தில் ஐந்து நாள், தினம் அரை மணி நேரம் போதும். ஃபஜ்ருக்குப் பிறகு யானைக்கல்லில் வண்டி நெரிசல் தொடங்குமுன் பாலத்தைத் தாண்டி கோரிப்பாளையம் வரை போய் வரலாம். பெண்களும் இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து போங்கள். வீட்டு ஆண்கள் அந்த அரை மணி நேரம் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாவதுதான் கடினமானது, கடன். நபி (ஸல்) அவர்கள் பாதுகாப்புத் தேடிய துஆ ஒன்றில் கவலையும் துக்கமும் கடன் சுமையும் சேர்ந்தே வருகின்றன. கடனை வைத்துக்கொண்டு மனதை மட்டும் அமைதியாக இரு என்று சொன்னால் அது இருக்காது. ஆகவே யாருக்கு எவ்வளவு, எப்போது கட்ட வேண்டும் என்று ஒரு தாளில் எழுதுங்கள். அதைக் கணவனும் மனைவியும் சேர்ந்து பாருங்கள். மனைவிக்குத் தெரியாத கடனும் கணவனுக்குத் தெரியாத குழுக்கடனும் வீட்டுக்குள் ஒளிந்திருக்கும்வரை இருவருக்கும் தூக்கம் வராது. ஒரு கடனை அடைக்க இன்னொரு வட்டிக் கடன் வாங்காதீர்கள். மீட்டர் வட்டி, கந்துவட்டிக்கு எதிராக 2003 முதலே தமிழ்நாட்டில் சட்டம் இருக்கிறது. மிரட்டுகிறார்கள் என்றால் தனியாகப் பயந்துகொண்டிருக்காமல் நம்மிடம் வாருங்கள். நீங்கள் சொல்வது அலுவலகச் சுவரைத் தாண்டாது.

இவ்வளவும் செய்தும் இரண்டு வாரத்துக்கு மேல் மனம் தேறாமல், தூக்கமோ உணவோ பிடிக்காமல், எதிலும் நாட்டமில்லாமல் இருந்தால் மருத்துவரிடம் போக வேண்டும். வாழ்ந்து என்ன பயன் என்ற பேச்சு ஒருவர் வாயில் வந்தால் ஒரு நாள்கூடத் தாமதிக்காதீர்கள், அவரைத் தனியாக விடாதீர்கள். நம் அரசு இராசாசி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. 14416 என்ற எண்ணுக்கு எந்த நேரமும் இலவசமாக அழைக்கலாம், தமிழில் பேசலாம். 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட அரசுச் சேவை அது.

மனநோயை மறைத்து வைத்தால் என்ன ஆகும் என்பதை நாம் பக்கத்து மாவட்டத்திலேயே பார்த்திருக்கிறோம். 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி அதிகாலை, ஏர்வாடியில் ஒரு தனியார் விடுதியில் தீப்பிடித்தது. மனநலம் பாதிக்கப்பட்டவர்களைச் சங்கிலியால் கட்டி வைத்திருந்தார்கள். 28 பேர் தப்ப முடியாமல் மவுத்தானார்கள். இப்போது 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி யாரையும் சங்கிலியால் கட்டக் கூடாது. ஆனால் "வெளியே தெரிந்தால் சம்பந்தம் வராது" என்று ஒரு பிள்ளையை அறைக்குள் வைத்துப் பூட்டினால் அதுவும் ஒரு சங்கிலிதானே!

ஓதிப் பார்ப்பதை விட்டுவிடுங்கள் என்று நாம் சொல்லவில்லை. துஆவும் நடக்கட்டும், மருந்தும் நடக்கட்டும். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. ஹஜ்ரத்மார்களிடம் ஒரு வேண்டுகோள்: ஓதிப் பார்க்க வருகிறவர்களிடம், "டாக்டரையும் பார்த்தீர்களா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். நாங்கள் சொன்னால் யோசிப்பார்கள், நீங்கள் சொன்னால் போவார்கள்.

கடைசியாக, இன்று வீட்டுக்குப் போனதும் அத்தாவிடமோ அம்மாவிடமோ மனைவியிடமோ மகனிடமோ பக்கத்தில் உட்கார்ந்து, "மனசுக்கு எப்படி இருக்கு?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டு உடனே அறிவுரை சொல்லாதீர்கள். அவர்கள் சொல்லி முடிக்கும்வரை காது கொடுங்கள். வருகிற பாரத்தில் பாதி அங்கேயே இறங்கிவிடும்.

நம் எல்லோருடைய கவலைகளையும் அல்லாஹ் நீக்கி, உடல் நலத்தையும் மன அமைதியையும் ஹலாலான வாழ்வாதாரத்தையும் தந்தருள்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.