யீ என்ற ஒரு பெயருக்குள் எத்தனை மக்கள்!



2016-ஆம் ஆண்டு மே மாதம் சீன நாளிதழ் ஒன்றில் வந்த படங்கள் உலகையே பதற வைத்தன. முதுகில் புத்தகப் பையுடன் சின்னஞ்சிறு பிள்ளைகள், ஏறத்தாழ 800 மீட்டர் உயரச் செங்குத்துப் பாறையில், காட்டுக்கொடியால் பின்னிய ஏணிகளைப் பற்றி ஏறிக்கொண்டிருந்தனர். சிச்சுவான் மாநிலத்தின் லியாங்ஷான் மலைப்பகுதியில் உள்ள அத்துலெர் சிற்றூர்ப் பிள்ளைகள் அவர்கள்.

ஏணியைப் பற்றி எல்லாரும் பேசினார்கள். ஏறிய பிள்ளைகள் யார் என்று கேட்டவர்கள் குறைவு. அரசுப் பதிவேட்டில் அவர்கள் யீ இனத்தவர். ஆனால், தங்கள் மொழியில் தங்களை 'நோசு' என்றே சொல்லிக்கொள்கிறார்கள்.

'யீ' என்ற பெயரின் கதை சுவையானது, சற்றுக் கசப்பானதும்கூட. முன்பு அந்த ஒலிக்குச் சீனர்கள் எழுதிய எழுத்துக்கு 'நாகரிகமற்றவர்' என்று பொருள். 1950-களில் ஒலியை அப்படியே வைத்துக்கொண்டு, எழுத்தை மட்டும் மாற்றினார்கள். புதிய எழுத்தின் பொருள், முன்னோர் வழிபாட்டில் வைக்கும் பாத்திரம். பழைய ஐரோப்பிய நூல்களில் காணப்படும் 'லோலோ' என்ற பெயரும் இன்று இழிசொல்லாகவே கருதப்படுகிறது.

அப்போது நடந்த கணக்கெடுப்பில் நாடு முழுவதும் 400-க்கும் மேற்பட்ட இனப் பெயர்கள் பதிவாயின. ஆய்வாளர்கள் அவற்றைச் சேர்த்தும் பிரித்தும் பட்டியலைச் சுருக்கினர். இன்று அதில் இருப்பவை 56 இனங்கள் மட்டுமே. சிச்சுவான், யுன்னான், குய்சோ மலைகளில் ஒருவர் பேச்சு மற்றவருக்குப் புரியாத பல குழுக்கள் 'யீ' என்ற ஒரே பெயருக்குள் வந்தன. 2020 கணக்கெடுப்பின்படி இவர்கள் ஏறக்குறைய 98 லட்சம் பேர்.

அண்டையில் லுகு ஏரிக்கரையில் வாழும் மோசுவோ மக்களின் நிலை இன்னும் விந்தையானது. தாய்வழிக் குடும்பமாக வாழும் இவர்கள், ஏரியின் யுன்னான் கரையில் நாசி இனத்தவராகவும் சிச்சுவான் கரையில் மங்கோலியராகவும் பதிவு செய்யப்பட்டார்கள். ஒரே ஏரி, ஒரே மக்கள், பதிவேட்டில் இரண்டு இனம்!

சரி, நோசு மக்கள் தங்களை எப்படி அடையாளம் காண்கிறார்கள்? வம்சாவளியைக் கொண்டுதான். மகன் பெயரோடு தந்தை பெயரைக் கோத்து, தலைமுறை தலைமுறையாக மனப்பாடம் செய்வார்கள். முன்பின் தெரியாத இருவர் சந்தித்தால், முன்னோர் பெயர்களை அடுக்கிச் சொல்லி, எந்த இடத்தில் உறவு சேர்கிறது என்று பார்ப்பார்கள்.

இவர்களுடைய பூசாரிக்குப் 'பிமோ' என்று பெயர். தந்தையிடமிருந்து மகன் கற்கும் தொழில் அது. ஏட்டைப் படிக்கத் தெரிய வேண்டும், வம்ச வரிசை தெரிய வேண்டும். ஒருவர் இறந்தால், அவரது ஆவி முன்னோர் நாட்டுக்குப் போகும் வழியை, ஊர் ஊராக, மலை மலையாகப் பெயர் சொல்லி ஓதி அனுப்புவார் பிமோ. அந்த வழி நோசு மொழியில்தான் இருக்கிறது.

பிமோக்கள் காத்த பழைய எழுத்தைச் சீர்ப்படுத்தி, 819 அசையெழுத்துகள் கொண்ட முறைக்குச் சீன அரசு 1980-இல் ஒப்புதல் அளித்தது. பள்ளிகளிலும் அது நுழைந்தது. யீ மொழியிலேயே பாடம் நடத்தும் பள்ளி ஒரு வகை. சீன மொழியில் நடத்தி, யீயை ஒரு பாடமாக வைக்கும் பள்ளி இன்னொரு வகை. பெற்றோர் பலர் நாடியது இரண்டாவதை. குவாங்டோங் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகும் மகனுக்குச் சீன மொழிதானே சோறு போடும்! அவர்களைக் குறை சொல்ல யாருக்கும் வாய் வராது. 2018-இல் பள்ளியில் சேரும் முன்பே மழலையருக்குச் சீனப் பொதுமொழி கற்பிக்கும் திட்டம் லியாங்ஷானில் தொடங்கியது.

அத்துலெருக்கும் மாற்றம் வந்தது. 2016 இறுதியில் 2,556 படிகள் கொண்ட இரும்பு ஏணி அமைந்தது. 2020 மே மாதம் 84 குடும்பங்கள் சாவ்ச்சுவே நகரின் அடுக்குமாடி வீடுகளுக்கு இறங்கி வந்தன. சில குடும்பங்கள் மட்டும் மலையிலேயே தங்கிவிட்டன. கீழே மின்சாரம் உண்டு, குழாய்த் தண்ணீர் உண்டு, பள்ளியும் மருத்துவமனையும் நடந்து போகும் தூரம். இனி எந்தத் தாயும் பிள்ளையின் இடுப்பில் கயிறு கட்டிப் பாறையில் இறக்க வேண்டியதில்லை.

அந்த அடுக்குமாடியிலும் ஒரு நாள் ஒரு பாட்டனார் கண்ணை மூடுவார். பிமோ வந்து, முன்னோர் நாட்டுக்குப் போகும் வழியை ஊர் ஊராகச் சொல்வார். பக்கத்தில் நிற்கும் பேரனுக்கு அவற்றில் எத்தனை ஊர் புரியும்?