விடுதலைக்குப் பிறகும் சிறையா?
(கைலாசபுரம் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நாம் கூடியிருக்கிற இதே திருச்சியில், மத்திய சிறை வளாகத்துக்குள்ளேயே 'சிறப்பு முகாம்' என்று ஒன்று இருக்கிறது. முகாம்னு சொன்னா ஏதோ அகதிகள் தங்குகிற இடம் என்று நினைப்பீர்கள். கதவுக்கு வெளியே போலீஸ் நிற்கிறது. உள்ளே இருப்பவர் நினைத்தபோது வெளியே வர முடியாது. இதற்குப் பெயர் சிறை இல்லாமல் வேறென்ன?

2022 நவம்பர் 11 அன்று, ராஜீவ் காந்தி கொலை வழக்கில் மீதமிருந்த ஆறு பேரையும் உச்சநீதிமன்றம் விடுதலை செய்தது. அவர்களில் முருகன், சாந்தன், ராபர்ட் பயஸ், ஜெயக்குமார் ஆகிய நால்வரும் இலங்கைத் தமிழர்கள். சிறை வாசலைத் தாண்டினார்கள். வீட்டுக்கா போனார்கள்? மறுநாளே திருச்சி முகாமுக்குக் கொண்டுவரப்பட்டார்கள். தாயைப் பார்க்க ஊருக்கு அனுப்புங்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தார் சாந்தன். பயண ஆவணங்கள் வருவதற்குள் பதினைந்து மாதம் ஓடிவிட்டது. 2024 பிப்ரவரி 28 அன்று சென்னை அரசு மருத்துவமனையில் செத்துப்போனார். உடல்தான் ஊர் போய்ச் சேர்ந்தது. மற்ற மூவரும் 2024 ஏப்ரல் 3 அன்றுதான் அனுப்பப்பட்டார்கள்.

அரசாங்கம் என்ன சொல்லுது? "நாங்கள் தீர்ப்பை மீறவில்லை. பாஸ்போர்ட் இல்லாத வெளிநாட்டவரை ஓரிடத்தில் தங்க வைத்திருக்கிறோம்." 1946ஆம் ஆண்டின் வெளிநாட்டினர் சட்டம் தந்த அதிகாரம் அது. ஆவணம் தேவைதான், நாம் மறுக்கவில்லை. ஆனால் அது வருகிற வரைக்கும் ஒரு மனிதரைப் பூட்டி வைக்கணுமா? குண்டர் சட்டத்தின் கொடுமையை நம் சேரி இளைஞர்கள் அறிவார்கள். அதிலேகூட அறிவுரைக் கழகம் உண்டு, ஓராண்டு என்ற எல்லை உண்டு. இந்த முகாம் உத்தரவில் அந்த இரண்டுமே கிடையாது. 1946 சட்டம் போய், 2025 செப்டம்பர் 1 முதல் புதிய குடியேற்றச் சட்டம் வந்துவிட்டது. அதிகாரம் மட்டும் அப்படியே இருக்கிறது.

இது ஈழத்தமிழர் பிரச்சினை, நமக்கென்ன என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. பீகாரில் ருதுல் ஷா என்பவர் 1968இல் விடுதலை தீர்ப்பு பெற்றார். வெளியே விட்டது 1982இல். பதினான்கு வருஷம்! 1983இல் உச்சநீதிமன்றம் அவருக்கு மொத்தம் 35,000 ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. அவர் வெளிநாட்டவர் அல்ல. ஆனால் கேட்க நாதியில்லாதவர். தீர்ப்பைக் கிடப்பில் போட அதிகாரிக்கு அது போதும்.

அரசியல் சட்டத்தின் 21ஆவது பிரிவு, எந்த 'நபரின்' உயிரையும் சுதந்திரத்தையும் சட்டப்படி அன்றிப் பறிக்கக் கூடாது என்கிறது. குடிமகன் என்று சொல்லவில்லை. உரிமைக்காக நேரே உச்சநீதிமன்றம் போக வழிவிடும் 32ஆவது பிரிவை, அரசியல் சட்டத்தின் இதயமும் உயிரும் என்றார் அம்பேத்கர். அந்த வழியில் போய் வாங்கிய தீர்ப்பை ஒரு கோப்பு முடக்குமென்றால், உரிமை காகிதத்தில்தான் இருக்கிறது.

ஆகவே நாம் கேட்பது இது. விடுதலையான எவரையும் முகாமில் அடைக்காதே. ஆவணம் வாங்கித் தரக் காலக்கெடு வை. தாமதித்த அதிகாரி பெயரோடு பதில் சொல்லட்டும். 1971 நீதிமன்ற அவமதிப்புச் சட்டத்தில் ஆறு மாதம் வரை தண்டனை உண்டு. ஆனால் ஓராண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். எனவே மாணவர்களே, உத்தரவு நகலை வாங்குங்கள், தேதியைக் குறித்து வையுங்கள். உள்ளே இருப்பவருக்கு வழக்கறிஞரைக் கொண்டுபோய்ச் சேருங்கள். அதிகாரம் மறதியை நம்புகிறது. நாம் மறக்கக் கூடாது.