அக்கரையும் இக்கரையும்

முத்துக்குளிப்போர் மன்னார் வளைகுடாவின் இரு கரைகளிலும் மாறிமாறி மூழ்கிய காலத்திலும், 1906-ல் வ. உ. சிதம்பரனார் சுதேசிக் கப்பல் கம்பெனியை நிறுவிய காலத்திலும், தூத்துக்குடியாருக்குக் கொழும்பு அந்நிய தேசமாகத் தோன்றவில்லை. கணவன் அங்கே கடை நடத்த, மனைவி தாய்வீட்டில் பிள்ளை பெற்று, குழந்தையோடு மீண்டும் கப்பலேறுவது சகஜமாக இருந்தது.

1949-ஆம் ஆண்டின் இலங்கைச் சட்டமோ, இந்திய வம்சாவளியினர் அங்கே பிரஜாவுரிமை கோருவதற்கு, விவாகமானவர் 7 ஆண்டும் ஆகாதவர் 10 ஆண்டும் இடைவிடாது வசித்திருக்க வேண்டுமென்றும், கணவன் தன் மனைவியின் வாசத்தையும் நிரூபிக்க வேண்டுமென்றும் விதித்தது. 12 மாதங்களுக்கு மேற்பட்ட பிரிவு அந்தத் தொடர்ச்சியை அறுத்துவிடுமாதலால், பிரசவத்துக்கென்று வந்து, உடல் தேறும்வரை சற்று அதிகமாகத் தங்கிவிட்ட ஒரு பெண்ணின் பொருட்டு, அக்கரையில் காத்திருந்த கணவனுடைய மனுவே ஆட்டங்காணக்கூடிய நிலை உண்டாயிற்று.

இன்று நம் தேசத்திலும், இந்தியரை மணந்த அயல்நாட்டார் பிரஜாவுரிமைக்கு மனுச்செய்ய, 1955-ஆம் ஆண்டுச் சட்டப்படி 7 ஆண்டுகள் இங்கே வசித்திருக்க வேண்டும்.

அத்தனை ஆண்டுகளும் ஒரு பெண் எதை நம்பி வாழ்வாள்? நேயர்களே, கடல் கடந்து உங்கள் தெருவுக்கு ஒரு மருமகள் வந்தால், சந்தைக்கும் கோயிலுக்கும் பனிமய மாதா திருவிழாவுக்கும் அவளை உடனழைத்துச் செல்லுங்கள். வசிக்கும் உரிமையைச் சர்க்கார் தரலாம், ஊரை அவளுக்குச் சொந்தமாக்குகிற பாக்கியமோ அண்டைவீட்டாராகிய உங்களுடையது.