பக்கவாதமும் பொழுதின் கணக்கும்



பக்கவாதம் என்றும் பாரிசவாயு என்றும் நம்மவர் வழங்கிவரும் நோய் புதியதன்று. தொடக்கத்திலேயே அதைத் தடுத்து நிறுத்த வைத்தியம் உண்டு என்னும் செய்திதான் புதியது. சென்ற தலைமுறை வரையில், கை கால் விழுந்தவரைப் படுக்கையில் கிடத்திப் பணிவிடை செய்வதே பெரும்பாலும் வைத்தியமாக இருந்தது. இன்று நிலைமை மாறியுள்ளது. ஆயினும் இப்புதிய வைத்தியத்திற்கு ஒரு நிபந்தனை உண்டு. நோயாளி உரிய நேரத்திற்குள் உரிய இடத்தை அடைந்திருக்க வேண்டும். அந்த நிபந்தனை எவ்வாறு கண்டறியப்பட்டது என்பதையும், அதனால் நமக்கு விளையும் கடமை யாது என்பதையும் இன்று எடுத்துரைக்க விரும்புகிறேன்.

ஆந்திர மாநிலத்துச் சித்தூர் மாவட்டத்தில், தமிழ்நாடும் கர்நாடகமும் நெருங்கிவரும் மூலையில், குப்பத்தை அடுத்து ராமகுப்பம் இருக்கிறது. பிள்ளைகள் பெங்களூரிலோ இன்னும் தொலைவிலோ உத்தியோகம் பார்க்க, முதியோர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு ஊரிலேயே தங்கியிருப்பது இத்தகைய ஊர்களின் வழக்கம். அங்கே ஒரு தாயாருக்கு விடியற்காலையில் வாய் கோணுகிறது, வலக்கை தளர்கிறது, பேச்சுக் குழறுகிறது என்று வைத்துக்கொள்வோம். வெளியூரிலிருக்கும் மகனுக்குத் தொலைபேசியில் செய்தி வருகிறது. அவர் என்ன மறுமொழி சொல்ல வேண்டும்? அதை அறிய, முதலில் நோயின் இயல்பை அறிய வேண்டும்.

பக்கவாதம் என்னும் ஒரே பெயருக்குள் நேர்மாறான இரண்டு நோய்கள் அடங்கியுள்ளன. மூளைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் குழாய் அடைபடுவது ஒன்று. குழாய் வெடித்து மூளைக்குள் இரத்தம் கசிவது மற்றொன்று. முன்னதில் அடைப்பைக் கரைக்க வேண்டும். பின்னதில் அதே மருந்து உயிருக்கே உலையாகும். புறத் தோற்றத்தில் இரண்டும் ஒன்றுபோலவே இருப்பதால், கைதேர்ந்த மருத்துவராயினும் நாடி பார்த்தோ கை காலைத் தட்டிப் பார்த்தோ இன்னதென்று உறுதி கூற இயலாது. 1971-ஆம் ஆண்டு இலண்டனில் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பயன்படுத்தப்பட்ட சி.டி. ஸ்கேன் கருவியே, உயிரோடிருப்பவரின் மூளைக்குள் இரத்தக் கசிவு உண்டா இல்லையா என்பதைச் சில நிமிடங்களில் காட்டும் வழியைத் திறந்தது.

நம் பகுதியிலும் இத்துறையில் ஆராய்ச்சி முன்னமே தொடங்கிவிட்டது. ராமகுப்பத்தார் நன்கறிந்த வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில், 1949-ஆம் ஆண்டு டாக்டர் ஜேக்கப் சாண்டி மூளை, நரம்பு நோய்களுக்கெனத் தனித் துறையைத் தொடங்கினார். அக்கல்லூரியைச் சேர்ந்த டாக்டர் ஜேக்கப் ஆபிரகாமும் அவருடைய தோழர்களும், வேலூர் வட்டார மக்களிடையே பக்கவாதம் எவ்வளவு பரவியுள்ளது என்று ஆராய்ந்து 1970-இல் வெளியிட்டனர். மருத்துவமனைக்கு வந்தவர்களை மட்டும் எண்ணினால், வராமல் வீட்டிலேயே கிடந்தவர்கள் கணக்கில் சேரமாட்டார்கள். ஆகவே மக்களிடையே சென்று எண்ணுவது இந்த ஆராய்ச்சியின் முதற்படியாகும்.

அடுத்த படி, மருந்தைச் சோதிப்பது. அமெரிக்காவில் 624 நோயாளிகளைக் கொண்டு நடந்த ஒரு சோதனையின் முடிவு 1995-இல் வெளிவந்தது. நோய் தொடங்கி மூன்று மணி நேரத்திற்குள் வந்தவர்களுக்கு, குலுக்கல் முறையில், ஒரு சாராருக்கு அடைப்பைக் கரைக்கும் மருந்தும் மறு சாராருக்கு மருந்தற்ற நீர்மமும் செலுத்தப்பட்டன. யாருக்கு எது என்பது நோயாளிக்கும் தெரியாது. சிகிச்சை செய்தவருக்கும் தெரியாது. மூன்று மாதங்களுக்குப் பின் பார்த்தபோது, ஊனமின்றியோ மிகச் சிறு ஊனத்தோடோ தேறும் வாய்ப்பு, மருந்து பெற்றோருக்கு 30 விழுக்காடேனும் மிகுந்திருந்தது. ஆயினும் மருந்து பெற்றவர்களில் நூற்றுக்கு ஆறு பேருக்குச் சற்று மேலாக மூளையில் கசிவு ஏற்பட்டு நிலை மோசமாயிற்று. மற்றவர்களில் இது நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு. பயனையும் கேட்டையும் ஒருசேர நிறுத்துக் காட்டியதே அந்தச் சோதனையின் பெருமை. 2008-இல் வெளியான ஐரோப்பியச் சோதனை, இக்கால எல்லையை நான்கரை மணி நேரம் வரை நீட்டியது. பெரிய குழாய் அடைபட்டவர்களுக்குக் கம்பிவலையைச் செலுத்தி அடைப்பை வெளியே இழுத்தெடுக்கும் முறையின் பயன் 2015-இல் ஐயமற நிறுவப்பட்டது.

எல்லாச் சோதனைகளும் நாம் விரும்பும் விடையைத் தருவதில்லை. இந்தியாவின் 14 மருத்துவமனைகளில் 1,250 நோயாளிகளைக் கொண்டு நடந்த ஒரு சோதனை, வீட்டாருக்கே உடற்பயிற்சி முறைகளைக் கற்பித்து அனுப்பினால் நோயாளி விரைவில் தேறுவாரா என்று ஆராய்ந்தது. முடிவு 2017-இல் வெளிவந்தது. ஆறு மாதங்களுக்குப் பின், இறந்தோரும் பிறர் துணையின்றி வாழ இயலாதோரும் இரு சாராரிலும் நூற்றுக்கு 47 பேராகவே இருந்தனர். உறவினரின் அன்பு வீண் என்பது இதன் பொருளன்று. அந்தச் சுமை முழுவதையும் குடும்பத்தின் தோளில் ஏற்றிவிட்டு, பயிற்சி பெற்ற நிபுணர்களின் துணை வேண்டாமென்று நாம் இருந்துவிடலாகாது என்பதே இது தரும் எச்சரிக்கை.

இனி, அந்த மகன் சொல்ல வேண்டிய மறுமொழிக்கு வருவோம். முதலாவது, "அம்மா கடைசியாக எப்போது நன்றாக இருந்தார்கள்?" என்று கேட்க வேண்டும். உறக்கத்திலிருந்து எழும்போதே நோய் காணப்பட்டால், எழுந்த நேரத்தைத் தொடக்கமாகக் கொள்ளலாகாது. படுக்கச் சென்றபோது நலமாயிருந்த நேரத்திலிருந்தே மருத்துவர் கணக்கிடுவார். இரண்டாவது, 108-ஐ அழைக்கச் சொல்ல வேண்டும். மூன்றாவது, அருகிலுள்ள மருத்துவமனை எது என்பதோடு நில்லாமல், ஸ்கேன் வசதியும் அடைப்பைக் கரைக்கும் மருந்தும் உள்ள அருகிலுள்ள மருத்துவமனை எது என்று விசாரிக்க வேண்டும். குப்பமா, வேலூரா, திருப்பதியா, பெங்களூரா என்பதை நோய் வந்தபின் ஆலோசித்தால் அரைநாள் கழிந்துவிடும். நலமாயிருக்கும்போதே கேட்டறிந்து, வீட்டுச் சுவரில் எழுதி வைப்பது நன்று. நான்காவது, வாயில் தண்ணீரோ காப்பியோ புகட்டலாகாது. விழுங்கும் ஆற்றல் குன்றியிருப்பின் அது மூச்சுக்குழலுக்குள் இறங்கிவிடும். ஸ்கேன் எடுக்குமுன் ஆஸ்பிரினும் வேண்டாம். எண்ணெய் தேய்ப்பதிலும் பச்சிலை தேடுவதிலும் அந்த முதல் மணிகளைச் செலவிட வேண்டாம்.

காலங்கடந்துவிட்டது என்று நாமே முடிவு கட்டுவதும் தவறு. ஸ்கேன் படத்தைக் கொண்டு தேர்ந்தெடுத்த சிலருக்கு 24 மணி நேரம் வரையிலும் அடைப்பை நீக்குவது பயன் தருவதை 2018-இல் வெளியான ஆராய்ச்சி காட்டியிருக்கிறது. முடிவு செய்யும் பொறுப்பை மருத்துவரிடம் விட்டு, கொண்டுசேர்க்கும் பொறுப்பை நாம் ஏற்க வேண்டும்.

இவை யாவும் நோய் வந்தபின் செய்வன. வருமுன் செய்வது எளிது. இரத்த அழுத்தமே இந்நோய்க்கு முதற்பெரும் காரணம். அது வலியோ அறிகுறியோ காட்டாமல் ஆண்டுக்கணக்கில் உடலில் தங்கியிருக்கும். ஊருக்குப் பணம் அனுப்பும்போது, "இரத்த அழுத்தம் பார்த்தீர்களா? மாத்திரையை நிறுத்தாமல் சாப்பிடுகிறீர்களா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். தொலைவில் இருக்கும் பிள்ளைகளும் செய்யக்கூடிய வைத்தியம் அது.