வரப்போரக் கீழாநெல்லிக்கு வந்த சோதனை



சித்த மருத்துவர்களும் பேராசிரியர்களும் ஆய்வு மாணவர்களுமாக ஆரோக்கிய மாதாவின் ஊரில் கூடியிருக்கிறோம். இங்கே குணம் வேண்டி வருகிறவரிடம் சான்று கேட்பார் யாருமில்லை, கேட்கவும் கூடாது. நேர்ச்சை வேறு, மருந்து வேறு. மருந்து என்று சொல்லி ஒன்றைக் கையில் கொடுத்துவிட்டால் கேள்விக்குப் பதில் சொல்லித்தான் ஆகவேண்டும்.

இதே கடற்கரையில், வடக்கே தரங்கம்பாடியில், குருண்ட்லர் என்ற ஜெர்மானியப் பாதிரியார் 1711இல் நம் வைத்தியர்களின் முறைகளை எழுதிவைத்தார். தஞ்சையில் இரண்டாம் சரபோஜி மன்னர் மருந்து முறைகளைத் திரட்டினார். அருமையான பதிவுகள். ஆனால் பதிவு சோதனை ஆகாது.

சோதனை என்றதும் எனக்கு நினைவுக்கு வருவது கீழாநெல்லி. நம் வயல் வரப்புகளில் களையாக மண்டிக் கிடப்பது; காமாலைக்கு அரைத்து மோரில் கலந்து கொடுப்பது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன், 1976இல் நோபல் பரிசு பெற்ற புளும்பெர்க் முதலானோருடன் சேர்ந்து, ஹெபடைடிஸ் பி வைரஸை நெடுநாளாகச் சுமப்பவர்களுக்கு கீழாநெல்லிப் பொடியை 30 நாள் கொடுத்துப் பார்த்தார். முடிவு 1988இல் 'லான்செட்' இதழில் வந்தது. மருந்து உண்ட 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்தில் வைரஸின் அடையாளப் புரதம் மறைந்தது. போலி மருந்து உண்ட 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே. உலகம் திரும்பிப் பார்த்தது. பிற நாடுகளில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. போலி மருந்தைவிட மேல் என்பதற்கு நம்பத்தகுந்த சான்றில்லை என்று 2011இல் காக்ரேன் தொகுப்பாய்வு கூறிவிட்டது.

செடியின் இனம் மாறியதா, மண் மாறியதா, முதல் முடிவே தற்செயலா? விவாதிக்கலாம். என் கருத்தில் அந்த ஆய்வின் பெருமை 22இல் இல்லை, போலி மருந்து உண்ட அந்த 23 பேரில் இருக்கிறது. ஹெபடைடிஸ் ஏ காமாலை பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தானே இறங்கிவிடும். சளியும் அப்படித்தான். கஷாயம் குடித்தவரும் எழுந்து நடப்பார், குடிக்காதவரும் நடப்பார். ஒப்பிட ஆளில்லாவிட்டால் புகழெல்லாம் கஷாயத்துக்கே போகும்.

ஆடாதோடையின் கதை வேறு. அதிலுள்ள வாசிசின் என்ற வேதிப்பொருளை ஒட்டி உருவானதுதான் இருமலுக்குத் தரும் புரோம்ஹெக்சின். அதற்காக வீட்டில் காய்ச்சும் இலைக் கஷாயத்துக்குச் சான்றிதழ் கிடைத்துவிட்டதாகச் சொல்லமுடியாது. இலைக்கு இலை சத்தின் அளவு மாறும். நிலவேம்புக் குடிநீரில் சரக்கே ஒன்பது. எது, எவ்வளவு வேலை செய்கிறது என்று பிரித்தறிவது இன்னும் கடினம்.

கட்டுரை வாசிக்கப்போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். செடியின் தாவரவியல் பெயர், எடுத்த பகுதி, கொடுத்த அளவு, ஒப்பிட்டது யாரோடு என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். கடைச்சரக்கில் கீழாநெல்லி என்ற பெயரில் வேறு இனங்களும் கலந்து வருவது நீங்கள் அறிந்ததே. பலன் தெரியாமல் போன ஆய்வை யாராவது பெட்டியிலேயே வைத்திருந்தால் வெளியே எடுங்கள். அதற்கு மேடையில் நேரம் ஒதுக்குவது என் பொறுப்பு.