வானவில்லில் எத்தனை நிறம்?



கட்டுரை திருத்தும் ஆசிரியனின் கையிலுள்ள சிவப்பு மைப் பேனை சாமானியமான அதிகாரமன்று. அதை நான் பிழையாகப் பிரயோகித்த ஒரு சம்பவத்தை இன்று சொல்ல விரும்புகிறேன்.

2018 ஆம் ஆண்டு கார்த்திகை மாதம். தரம் எட்டு மாணவர்களுக்கு 'மழைக்காலத்தில் ஒரு நாள்' என்ற தலைப்பிற் கட்டுரை கொடுத்திருந்தேன். வானவில்லை எழுதியவர்களெல்லாம், ஒருவர் சொல்ல மற்றவர் எழுதியதுபோல, "ஏழு வர்ணங்களும் ஜொலிக்க" என்றே எழுதியிருந்தனர். ஒருவன் மட்டும் "அதில் ஆறு நிறம் இருந்தது" என்று எழுதியிருந்தான். ஆறை வெட்டி ஏழாக்கி, ஒரு புள்ளியையும் குறைத்தேன். அவன் கொப்பியோடு என் மேசையடிக்கு வந்தான்.

"சேர், நான் எண்ணிப் பாத்துத்தான் எழுதினனான்."

"புத்தகத்திலை ஏழெண்டுதானே கிடக்கு. போய் இரும்."

போய்விட்டான். ஆனால் மனம் உறுத்தியது. விஞ்ஞானம் கற்பிக்கும் நண்பரிடம் போனேன்.

14 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பாரசீகத்தில் அல்பாரிசியும் ஜேர்மனியில் தியோடோரிக்கும், ஒருவரை ஒருவர் அறியாமல், நீர் நிரப்பிய கண்ணாடிக் கோளத்தை ஒரு பெரிய மழைத்துளியாகப் பாவித்து இதை ஆராய்ந்திருக்கிறார்கள். கதிர் துளியினுள் நுழையும்போது முறிவடைகிறது; பின்புறத்திற் பட்டுத் தெறிக்கிறது; வெளியேறும்போது மீண்டும் முறிகிறது. (முழு அகத்தெறிப்பு என்று சில வழிகாட்டி நூல்கள் எழுதுவது தவறாம். பெரும்பங்கு ஒளி துளியின் பின்புறத்தால் வெளியே போய்விட, திரும்பிவரும் சிறு பங்கே எமக்கு வில்லாகிறது.) நிறத்துக்கு நிறம் முறிவு வேறுபடுவதால், எமது தலையின் நிழலை மையமாகக் கொண்டு பார்த்தால், சிவப்பு ஏறக்குறைய 42 பாகையிலும் ஊதா 40 பாகையிலும் தெரிகின்றன. ஆகவே சூரியன் 42 பாகைக்கு மேலே ஏறிவிட்டால் தரையில் நிற்பவருக்கு வானில் வில் கிடையாது. உச்சிப் பொழுதில் வானவில் தோன்றியதாக நானே ஒரு சிறுகதை எழுதியிருக்கிறேன். நல்ல காலம், அதை எவரும் வாசிக்கவில்லைப் போலும்!

என்னை மிகவும் கவர்ந்தது வேறொன்று. ஒரு துளி ஒரு கண்ணுக்கு ஒரு நிறத்தையே அனுப்புகிறது. மேலேயுள்ள துளி சிவப்பைத் தந்தால், ஊதாவைத் தருவது கீழேயுள்ள வேறொரு துளி. என் பக்கத்தில் நிற்பவர் காண்பது வேறு துளிகளின் வில். இருவர் ஒரே வானவில்லைக் காண்பதேயில்லை.

சரி, ஏழு எங்கிருந்து வந்தது? அரியத்தினூடாக ஒளியைப் பிரித்த நியூற்றன் முதலிற் சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம், ஊதா என ஐந்தையே முதன்மை நிறங்களாகச் சொன்னார். செம்மஞ்சளையும் கருநீலத்தையும் பின்னரே சேர்த்தார். காரணம் கண்ணன்று, காது. இசையின் ஏழு சுரங்களோடு நிறங்களைப் பொருத்த அவர் விரும்பினார். உண்மையில் அங்கே கோடுகள் இல்லை. ஒரு நிறம் மற்றதனுள் கரைந்துகொண்டே போகிறது.

1817 டிசெம்பர் 28 ஆம் திகதி லண்டனில் ஹேடன் என்ற ஓவியர் வைத்த விருந்தில், கவிஞர் கீற்ஸும் சாள்ஸ் லாமும், நியூற்றன் வானவில்லின் கவிதையையே அழித்துவிட்டார் என்று குறைபட்டுக்கொண்டார்கள். கீற்ஸ் மீது எனக்குப் பெருமதிப்பு உண்டு. ஆயினும் இதில் நான் அவர் கட்சியல்லன். வானவில்லின் கவிதையைக் கொன்றது அரியமா? வானத்தைப் பாராமலே "ஏழு வர்ணங்களும் ஜொலிக்க" என்று எழுதப் பழக்கிய என்போன்றவர்களின் சிவப்பு மையல்லவா?

அடுத்த கிழமை ஒருநாள் காலைப் பிரார்த்தனை முடிந்த நேரம். கிழக்கே இளவெயில், மேற்கே தூறல். மைதானத்துப் பனைகளுக்கு மேலே வில் வளைந்து நின்றது. அந்த மாணவனைக் கூப்பிட்டேன். இருவரும் எண்ணினோம். அவனுக்கு ஆறு. எனக்கு ஐந்துக்கு மேற் பிரிக்க முடியவில்லை. பிறகு அவன் இன்னும் உயரே கையை நீட்டினான். அங்கே மங்கலாக இரண்டாவது வில்.

"சேர், அதிலை சிவப்பு உள்ளுக்கெல்லோ நிக்குது!"

துளியினுள் இரண்டு தடவை தெறித்து வருவதால் அந்த வில்லில் நிறவரிசை தலைகீழாகும் என்று நண்பர் சொல்லியிருந்தார். இவனுக்கு எவரும் சொல்லவில்லை.

வகுப்புக்குப் போனதும் அவனுடைய கொப்பியை வாங்கினேன். நான் எழுதிய ஏழை வெட்டி, குறைத்த புள்ளியைச் சேர்த்து, பக்கத்திற் சுருக்கொப்பமும் வைத்தேன்.